திகதி பிழைத்த இருபத்துமூன்று பேர்

கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி போட்டிருந்தார்கள். யோசிக்காதே, இந்த இடத்தில் வைத்துவிட்டுப் போ என்கிற புள்ளடி. மாவடிப்புலத்து விதானையாக இருந்த பதினைந்து வருடத்தில் தயாளினி அப்படி எத்தனையோ புள்ளடிக்கு மேலே கையெழுத்து வைத்திருக்கிறாள். வதிவிடச் சான்று, நற்சான்று, பனை தறிக்க அனுமதி, மாடு களவுபோன முறைப்பாடு. அரசாங்கத்துக்கு அவள் கிராம அலுவலர். சனத்துக்கு, பொம்பிளையாக இருந்தாலும், விதானைதான்.

இந்தக் கடதாசியை அவள் இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாந்தரம் வாசிக்கும்போது காது சுட்டது.

“மாவடிப்புலத்தில் பழைய கூட்டுறவுச் சங்கக்கடை இருந்த இரண்டு பரப்புக் காணியில் யுத்தகாலத்தில் பொதுமக்கள் எவரும் நடமாடவோ இறக்கவோ இல்லை என்பதையும், அக்கட்டடம் எதிரியின் ஆயுதக் களஞ்சியமாகவே பயன்பட்டது என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.”

மேசைக்கு அந்தப் பக்கம் பிரதேச செயலாளர் பிரகலாதன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன தயாளினி, கனக்க யோசிக்கிறீர்? ஒரு கையெழுத்துத்தானே.”

“சேர், இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை எண்டெல்லோ எழுதிக் கிடக்கு.”

“அந்தக் காணியை எடுக்கிறதுக்கு மேலை இருந்து வந்த வசனம் அது. நாங்கள் மாத்தேலாது.”

“என்ரை அம்மா செத்தது அந்தக் காணியிலைதான் சேர்.”

பிரகலாதன் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் தயாளினிக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். எழும்பி நின்று நாலு வார்த்தை கிழிகிழியென்று கிழித்துவிட்டு வந்திருப்பாள். இவர் அரியாலைக்காரர், மரியாதையான மனிதர், பென்சனுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தையும் யாரோடும் கொளுவாமல் கடந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவருடைய கவலை.

“எனக்கு விளங்குது,” என்றார். “ஆனா நாங்கள் எங்கடை மனசிலை கிடக்கிறதை எழுதேலாது. பதிவிலை என்ன கிடக்கோ அதைத்தான் எழுதலாம். பாரும்.”

அவர் தள்ளிய கோப்பில் ஒரு விசாரணைக் குழுவின் அறிக்கை இருந்தது. பதினாலாம் பக்கத்தில் மஞ்சள் மையால் கோடு இழுத்திருந்தார்கள்.

“சங்கக்கடைச் சம்பவம் குறித்து இருபத்துமூன்று படிவங்கள் கிடைத்தன. இறந்த திகதி என்ற இடத்தில் அவற்றில் ஏழு வெவ்வேறு திகதிகள் தரப்பட்டுள்ளன. சில செப்ரெம்பர், சில ஒக்ரோபர். ஒரே குண்டில் இறந்தவர்கள் ஏழு நாட்களில் இறந்திருக்க முடியாது. ஆகவே சம்பவம் உறுதிப்படுத்தப்படவில்லை.”

அதற்குப் பின்னால் அந்த இருபத்துமூன்று படிவங்களின் போட்டோப் பிரதிகள். குண்டு குண்டான, கோடு பிசகாத எழுத்து. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய எழுத்து. அது தயாளினியின் எழுத்து. இருபத்துமூன்றையும் நிரப்பியது அவள்தான்.

அவள் கோப்பை மூடினாள். எழும்பி நின்றாள். பிரகலாதன் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, “வீட்டை போய் ஆறுதலா யோசிச்சுப்போட்டு வாரும், பதினெட்டாந் திகதிக்கு முதல் தந்தால் போதும்,” என்று அன்பாகச் சொன்னார்.

பதினெட்டாந் திகதி என்றால் செப்ரெம்பர் பதினெட்டு. அந்த நாளை நாடு முழுக்க அறியும். அச்சுவேலியிலிருந்து தொண்டைமானாற்றுக்குப் போகிற பாதையில், ஏரியோரத்தில், ஒரு கொங்கிறீற்றுக் கை துவக்கை ஏந்திக்கொண்டு நிற்கிறது. 1992ஆம் ஆண்டு அந்த இடத்தில் இருந்த இராணுவ முகாமை இயக்கம் அதிகாலை நாலு பத்துக்கு எதிர்பாராமல் அடித்தது. அறுபத்தொரு ஆமிக்காரர் செத்தார்கள். அறுபத்தொரு பெயரும் கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில் இருக்கிறது. மேலே சிங்களம் பெரிதாக, நடுவில் ஆங்கிலம், அடியில், புல் வளர்ந்தால் மறைந்துவிடும் உயரத்தில், தமிழ். “தேசம் மறவாது.”

தெற்கிலிருந்து சுற்றுலா பஸ்கள் வரும். வெள்ளை உடுத்த சனம் இறங்கி, கையெடுத்துக் கும்பிட்டு, படம் பிடித்து, ஆமிக் கடையில் மாலுபாணும் தேத்தண்ணியும் சாப்பிட்டு, ஒடியலும் பனங்கட்டியும் வாங்கிக்கொண்டு ஏறும். ஒவ்வொரு பதினெட்டுக்கும் பாண்ட் வாத்தியம், கொடி, தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் பாட்டுப் பாடவைப்பார்கள். செத்தவர்களின் தாய்மாரும் வருவார்கள். ஒருமுறை அப்படி வந்த ஒரு தாய் தயாளினியின் விதானைக் கந்தோர்ப் படியில் இருந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தி அழுதாள். தயாளினி அவளுக்கு விசிறி எடுத்து விசுக்கினாள். அறுபத்தொரு பெயர் கல்லில் இருப்பதில் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் எங்கேயாவது போய் ஒரு பெயரைத் தடவிப் பார்க்கத்தானே வேண்டும்.

கோபம் கல்லின் அடுத்த வரியில். “அன்று காலை 9.20க்கு விமானப்படையினர் எதிரியின் ஆயுதக் களஞ்சியத்தைத் தகர்த்துப் பதிலடி கொடுத்தனர்.” ஆயுதக் களஞ்சியமாம். அது சங்கக்கடை.

அன்று வெள்ளிக்கிழமை. பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பீப்பா வரும். கூப்பன் மட்டைக்கு ஒரு போத்தல். விடிய முகாம்பக்கம் வெடிச்சத்தம் கேட்டதுதான். கேட்டாலும் சனம் வரிசையை விட்டுப் போகவில்லை. போனால் இன்னும் இரண்டு மாதத்துக்கு விளக்கு இல்லை. மனேச்சர் ஐசாக் பீப்பாவின் வாயில் புனலை வைத்து அளந்துகொண்டிருந்தார். தயாளினியின் அம்மா பூரணம் நாலாவது ஆள். அவளுக்கு முன்னால் அருளம்பலத்தாரின் பிள்ளைகள் இரண்டு பேர், பன்னிரண்டு வயதுப் பொடியனும் ஒன்பது வயதுப் பெட்டையும். தகப்பன் அவர்களை இடம் பிடிக்க நிறுத்திவிட்டு, மூடி இல்லாத போத்தலை மாற்றிக்கொண்டுவர வீட்டுக்குப் போயிருந்தார். பொம்மர் விமானம் இரண்டாந்தரம் சுற்றிவந்துதான் குண்டைப் போட்டது. இரண்டாந்தரம் சுற்றும்போது கீழே நிற்பது பொம்பிளைகளும் பிள்ளைகளும் என்று கண் தெரிந்த எவனுக்கும் தெரிந்திருக்கும்.

பீப்பாவில் நெருப்புப் பிடித்து மத்தியானம் வரை எரிந்தது. பிறகு யாரோ புத்திசாலி எழுதினான்: நெடுநேரம் எரிந்தபடியால் உள்ளே ஆயுதம் இருந்திருக்க வேண்டும். ஒரு பீப்பா மண்ணெண்ணெய் எரிந்தால் எவ்வளவு நேரம் எரியும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் வீட்டில் மின்சாரம் இருந்தது.

இருபத்துமூன்று பேர். ஐசாக் வேதக்காரர், மற்ற இருபத்திரண்டு பேரும் சைவம். அவரைச் சேர்ச்சில் அடக்கம் செய்தார்கள், மற்றவர்களைப் பின்னேரமே ஏரிக்கரைச் சுடலையில் எரித்தார்கள். பதிவதற்குக் கந்தோரும் இல்லை, கந்தோருக்கு ஆளும் இல்லை. அடுத்த மாதமே ஊர் இடம்பெயர்ந்தது. போன இடமெல்லாம் சனம் கொண்டுபோனது ஒன்றே ஒன்று, திதி. புரட்டாதி மாதத்து அபரபக்கச் சட்டி, தேய்பிறையின் ஆறாம் நாள். செத்தவர்களுக்குப் படைப்பது திதியில்தான். ஆங்கிலத் திகதியில் படைத்தால் அது அவர்களுக்குப் போய்ச் சேராது. வன்னியில் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோதும் பஞ்சாங்கம் வைத்திருப்பவனைத் தேடிப்பிடித்து நாளைக் கேட்டுப் படைத்தார்கள். வருடம் வருடம் திதி வரும்; திகதி மாறும். ஒரு வருடம் செப்ரெம்பரில் வரும், ஒரு வருடம் ஒக்ரோபருக்குப் போய்விடும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. தயாளினிக்கே அம்மாவின் நாள் திகதியாக மனதில் இருந்ததில்லை.

2013ஆம் ஆண்டு ஆவணியில், ஏரியோரத்துக் கல் வருவதற்கு முதல், அந்த விசாரணைக் குழு வந்தது. ஒரே நாளில் எல்லாப் படிவமும் வேண்டும் என்றார்கள். வாசலில் ஜீப் என்ஜினை நிறுத்தாமல் நின்றது. வேலைக்கு வந்து மூன்றே வருடமான தயாளினி மேசையைப் போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுதினாள். “எப்ப நடந்தது?” என்று கேட்டாள். “சட்டியிலை பிள்ளை,” என்றார்கள். சட்டி என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டி. “அப்ப திவசம் எத்தனையாந் திகதி?” என்று கேட்டாள். ஒருவர் போன வருடம் படைத்த திகதியைச் சொன்னார். இன்னொருவர் இந்த வருடம் வரப்போகிற திகதியைக் கலண்டரில் பார்த்துச் சொன்னார். ஒரு வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம், மற்ற வீட்டில் திருக்கணிதம்; ஒன்றுக்கு அன்று சட்டி, மற்றதுக்குச் சத்தமி. அதில் ஒரு நாள் கூடிக் குறைந்தது. தயாளினி அத்தனையையும் வாங்கி, முதல் இரண்டு பெட்டியிலும் போட்டு, மூன்றாவது பெட்டியில் 1992 என்று வடிவாக எழுதினாள். பூரணம், வயது நாற்பத்தொன்று என்ற படிவத்தில், தன் சொந்தத் தாயின் படிவத்தில், ஆறு ஒக்ரோபர் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாள்.

ஏழு திகதி அப்படி வந்ததுதான். நெருப்பில் எரிந்தவர்களை அவள் மை போட்டு இரண்டாந்தரம் எரித்திருக்கிறாள். பன்னிரண்டு வருடமாக அது தெரியாமல், படிவம் கொடுத்தோம், பதில்தான் வரவில்லை, அரசாங்கம் அப்படித்தான் என்று ஊரோடு சேர்ந்து ஏசிக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

பிரகலாதனின் கந்தோரிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிளை நேரே மியூரியலின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஐசாக்கின் மனைவி மியூரியலுக்கு இப்போது எழுபத்துநாலு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவ. இன்றைக்கும் யாராவது கூட்டல் பிழைவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லுவா.

தயாளினி எல்லாவற்றையும் சொன்னாள். மியூரியல் எழும்பிப்போய் ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தா. பத்திரிகைத் துண்டுகள். ஒவ்வொரு வருடமும் செப்ரெம்பர் பதினெட்டில் அவ போடுவித்த நினைவஞ்சலி. ஐசாக்கின் அதே படம், கழுத்துப்பட்டியோடு.

“நான் உனக்கு அண்டைக்குச் சொன்னனானோ இல்லையோ? பதினெட்டு ஒன்பது தொண்ணூற்றிரண்டு எண்டு?”

“சொன்னீங்கள் அன்ரி. உங்கடை படிவத்திலை நான் சரியாத்தான் எழுதினனான்.”

“அப்ப மற்றதுகளை எழுதேக்கை உன்ரை மூளை எங்கை மேயப் போனது? ஒரே குண்டு. ஒரே இடம். ஏழு திகதி. எழுதின கை கூசேல்லையோ?”

“ஜீப் நிண்டது அன்ரி. நான்…”

“ஜீப் நிண்டதாம். என்ரை மனிசன் அளந்துகொண்டு நிண்டவர். கடைசியா நிக்கிறவைக்கும் காணவேணுமெண்டு துளித்துளியா அளந்துகொண்டு நிண்டவர். நீ ஒரு திகதியை ஒழுங்கா அளக்கேல்லை.” மியூரியலின் குரல் உடைந்தது, உடைந்ததற்கும் சேர்த்து அவவுக்குக் கோபம் வந்தது. “பேசாமல் இருக்காதை. அழுது காட்டவும் வேண்டாம். சேர்ச்சுக்கு வா.”

சேர்ச்சில் அடக்க ஏடு இருந்தது. கறையான் ஓரத்தைத் தின்றிருந்தாலும் அந்தப் பக்கம் தப்பியிருந்தது. அப்போதிருந்த போதகர் எழுதியிருந்தார்: “18.09.1992. ஐசாக், வயது 44, சங்கக்கடை மனேச்சர். காலை 9.20 மணிக்கு விமானக் குண்டு. மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற இருபத்திரண்டு பேர் இவரோடு மரித்தனர்.” தயாளினி அதைத் தொலைபேசியில் நாலு தரம் படம் பிடித்தாள். ஆமியின் கல்லில் இருக்கிற அதே நாள், அதே மணி, அதே நிமிடம். அவர்கள் போட்ட குண்டுக்கு அவர்களே கல்லில் சாட்சி வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வேலை மற்றப் படிவங்கள் தந்த வீடுகளுக்கெல்லாம் போய்த் திருத்தக் கடிதம் வாங்குவது. முதல் வீடே அருளம்பலத்தார் வீடு. அவர் தோட்டத்தில் வெங்காயத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினாள். “நான் 2013இல் தந்த திகதி பிழையானது” என்ற வரி வந்ததும் அவர் மண்வெட்டியை நட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“ஆர் பிழை சொன்னது?”

“இல்லை அண்ணை, திகதி…”

“நான் சட்டி எண்டு சொன்னனான். என்ரை பிள்ளையள் செத்தது சட்டியிலை. முப்பத்துமூண்டு வருசம் ஒரு சட்டி தவறவிடேல்லை. அதுகளுக்கு உங்கடை கலண்டர் தெரியாது, சட்டிதான் தெரியும். இப்ப நான் பொய் சொன்னனான் எண்டு நானே கையெழுத்து வைக்கவேணுமோ?”

“அப்பிடி வைச்சாத்தான் அண்ணை அவங்கள் ஏற்பாங்கள்.”

“ஏற்காட்டிப் போகட்டும்!” அவர் கத்திய கத்தில் வேலியில் இருந்த காகங்கள் எழும்பின. “பிள்ளையளை வரிசையிலை விட்டுட்டுப் போனது என்ரை பிழை. அதை நான் தினமும் ஒத்துக்கொள்ளுறன். போத்தலுக்கு மூடி இல்லை எண்டு போனனான் பாரும், அது என்ரை பிழை. நீர் எழுதின பிழையையும் என்ரை தலையிலை கட்டாதையும். அது உம்முடையது. உம்முடையது எண்டு எழுதும்.”

தயாளினிக்குச் சுறுக்கென்று பட்டது. மனிதர் சொன்னது முழுக்கச் சரி. சனம் தங்கள் நாளைச் சரியாகத்தான் சொன்னது. அதைப் பெட்டிக்குள் அடக்கப்போய்ப் பிழைபண்ணியது அவள். மிச்ச வீடுகளுக்கு அவள் போகவில்லை.

அன்று பின்னேரமே கந்தோரில் இருந்து, கிராம அலுவலர் என்று தலைப்புப் போட்ட கடதாசியில் எழுதினாள். 18.09.1992 அன்று காலை 9.20 மணிக்கு மாவடிப்புலம் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற பொதுமக்கள் இருபத்துமூன்று பேர் விமானக் குண்டுவீச்சில் இறந்தார்கள். பெயர்கள் கீழே. அங்கே ஆயுதம் இருக்கவில்லை. ஒரு பீப்பா மண்ணெண்ணெய் இருந்தது. 2013ஆம் ஆண்டுப் படிவங்களில் உள்ள பிழையான திகதிகளை எழுதியவள் நானே; மக்கள் திதியைச் சரியாகச் சொன்னார்கள், நான் அதைத் திகதியாக மாற்றிய விதம் பிழை. கேட்கப்பட்ட சான்றிதழில் கையெழுத்திட மறுக்கிறேன். அடக்க ஏட்டின் பக்கத்தையும் கல்லின் படத்தையும் இணைத்து, வட்ட முத்திரையை அழுத்திக் குத்தினாள்.

பிரகலாதன் கடிதத்தை வாசித்துவிட்டு எழும்பிக் கதவைச் சாத்தினார்.

“நீர் என்ன செய்திருக்கிறீர் எண்டு தெரியுமோ? நானே பிழையா எழுதினனான் எண்டு நீரே எழுதித் தந்திருக்கிறீர். வேலை போகும்.”

“மேலை அனுப்புங்கோ சேர்.”

“பிழையெண்ட பந்தியை மட்டும் எடுத்துவிடும். உம்முடைய நன்மைக்குச் சொல்லுறன்.”

“அதை எடுத்தா ஏழு திகதி எப்பிடி வந்ததெண்டு ஒருத்தருக்கும் விளங்காது. அனுப்புங்கோ.”

அனுப்பினார். பதினாறாந் திகதி அவளுக்கு வேலை இடைநிறுத்தக் கடிதம் வந்தது. பதினேழாந் திகதி பக்கத்துப் பிரிவு விதானை ஒருவர் பதில் கடமைக்கு வந்து, பென்சில் புள்ளடிக்கு மேலே கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். அவர் மாவடிப்புலத்துக்கு வந்து பத்து நிமிடம்தான் நின்றார். பதினெட்டாந் திகதி ஏரியோரத்தில் பாண்ட் அடித்தார்கள். ஒலிபெருக்கிச் சத்தம் தயாளினியின் குசினி வரைக்கும் வந்தது. மறவோம், மறவோம் என்று பிள்ளைகள் பாடினார்கள். ஒன்பது இருபதுக்கு ஒரு மந்திரி பேசிக்கொண்டிருந்தார். ஆயுதக் களஞ்சியம் இருந்த புனித இடத்தில் அரும்பொருட் கூடம் வரப்போகிறதாம், விமானத் தாக்குதலை விளக்கும் மாதிரியும் வைக்கப்படுமாம், சிறுவர்கள் பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியுமாம். தயாளினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திருவலையைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். சுவரில் காரை பெயர்ந்து விழுந்தது. அதைக் கூட்டி அள்ளவும் அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த கிழமை சங்கக்கடைக் காணியைச் சுற்றிக் கட்டை நட்டு முட்கம்பி இழுத்தார்கள்.

இந்த வருடம் சட்டி ஒக்ரோபரில் வந்தது. அதற்கு முதல்நாள் கொழும்பிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு நீள உறை வந்தது. குற்றச்சாட்டுப் பத்திரம். தயாளினி வாசற்படியில் நின்றபடியே வாசித்தாள். பிறகு இருந்து வாசித்தாள். பிறகு, யாரும் பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள், வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலை சனம் முட்கம்பிக்கு வெளியே, தெருவோரத்தில், வாழையிலை போட்டுப் படைத்தது. மியூரியலும் வந்து கொஞ்சம் தள்ளிக் குடை பிடித்துக்கொண்டு நின்றா. கற்பூரம் காட்டி முடிகிற நேரம் பிரதேச செயலகத்து வாகனம் வந்து நின்றது. பிரகலாதன் தானே இறங்கி வந்தார். அவருடைய சேட்டு வேர்வையில் நனைந்திருந்தது.

“தயாளினி, ஒருக்கா இஞ்சாலை வாரும். தனியக் கதைக்கவேணும்.”

“இதிலையே கதையுங்கோ சேர். எல்லாம் எங்கடை ஆக்கள்தான்.”

அவர் குரலைத் தணித்தார். “குற்றப் பத்திரம் கிடைச்சதோ? அதுக்கு மறுப்பு எழுதித் தாரும். நான் நிரப்பேல்லை, எனக்குத் தெரியாது எண்டு ரெண்டு வரி. நாளைக்கே வழக்கைக் கைவிடுவினம். மேலை கதைச்சிட்டன். வேலை திரும்பக் கிடைக்கும், நிலுவைச் சம்பளத்தோடை.”

“ஏன் சேர் திடீரெண்டு இவ்வளவு இரக்கம்?”

அருளம்பலத்தார் கையில் கற்பூரத் தட்டோடு கிட்ட வந்தார். “என்ன பிள்ளை அது? எங்களுக்கும் வாசியும்.”

தயாளினி பையிலிருந்து பத்திரத்தை எடுத்தாள். கொழும்பில் யாரோ ஒரு கிளாக்கர், கல்லையும் அறியாதவர், காணியையும் அறியாதவர், குற்றத்தை விளக்கமாக எழுத வேண்டும் என்பதற்காக அவளுடைய கடிதத்திலிருந்தே வரி வரியாக எடுத்துப் போட்டிருந்தார். அவள் உரத்து வாசித்தாள்.

“18.09.1992 அன்று காலை 9.20 மணிக்கு மாவடிப்புலம் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபோது விமானக் குண்டுவீச்சில் கொல்லப்பட்ட, கீழே பெயர் குறிப்பிடப்பட்ட பொதுமக்கள் இருபத்துமூன்று பேரின் இறந்த திகதியை, அரச அலுவலரான நீர் உண்மைக்கு மாறாகப் பதிந்து…”

அவள் பெயர்களை வாசித்தாள். ஐசாக். பூரணம். அருளம்பலத்தாரின் மகன். மகள். ஒவ்வொரு பெயருக்கும் யாரோ ஒருவர் மூச்சை இழுத்தார். மியூரியல் குடையை மடக்கினா.

“உதை அவங்களோ எழுதினவங்கள்?” என்று அருளம்பலத்தார் கேட்டார்.

“ஓம் அண்ணை. அரசாங்கம்தான். சீல் குத்திக் கிடக்கு பாருங்கோ. முப்பத்துமூண்டு வருசத்திலை இந்தக் குண்டுக்காக அரசாங்கம் குற்றம்சாட்டின முதல் ஆள் நான்தான். போட்டவனை ஒருத்தரும் கேட்கேல்லை, போடச் சொன்னவனையும் கேட்கேல்லை. திகதி பிழைவிட்டவளைப் பிடிச்சிட்டினம்.”

“சத்தம் போடாதையும்,” என்றார் பிரகலாதன். “உது ஒரு கிளாக்கர் விட்ட பிழை. ஒரே திணைக்களத்திலை ஒருத்தரும் சாகேல்லை எண்டு ஒரு கடதாசி, இருபத்துமூண்டு பேர் செத்தவை எண்டு இன்னொண்டு. காணிப் பாரம்கொடுப்பை நிப்பாட்டிப்போட்டினம், என்னைப் போட்டு வறுக்கினம். நீர் மறுத்தால் இந்தப் பத்திரமே இல்லாமல் போகும். எல்லாருக்கும் நல்லது.”

“ஏற்றுக்கொண்டால்?”

“ஏற்றுக்கொண்டால் தீர்ப்பு எழுதவேணும். பதிவிலை ஏறும். வேலையும் போகும், பென்சனும் போகும். விசர் வேலை பாராதையும்.”

“பதிவிலை என்ன கிடக்கோ அதைத்தான் எழுதலாம் எண்டு நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள்.”

அவள் வாகனத்தின் பொனற்றில் பத்திரத்தை விரித்தாள். பதிலுக்கென்று விட்டிருந்த இடத்தில், அதே குண்டு குண்டான எழுத்தில், அவசரப்படாமல் எழுதினாள். மேற்குறித்த குற்றச்சாட்டை, அதிலுள்ள நாள், நேரம், இடம், காரணம், பெயர்கள் அனைத்தும் உண்மை என்ற வகையில், முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். நான் குற்றவாளி. அருளம்பலத்தார் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“சட்டி எண்டும் ஒருக்கால் போட்டுவிடும்,” என்றார்.

போட்டாள். புரட்டாதி அபரபக்கச் சட்டி. பிறகு கையெழுத்து வைத்தாள். பத்திரத்தைப் பிரகலாதனிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். படைக்க வந்த சனம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

தயாளினி பையைத் துழாவி ஒரு பென்சிலை எடுத்தாள். “பெற்றுக்கொண்டேன்” என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளடி போட்டாள்.

“இந்த இடத்திலை சேர்,” என்றாள். “ஒரு கையெழுத்துத்தானே.”